எதிராளி நாற்காலி

எங்கள் நாட்டில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு துறையின் அலுவலகம் இருக்கிறது. அநியாயம் நடந்துவிட்டதென்று அங்கெல்லாம் போகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் நேரே டிவி நிலையத்துக்குப் போய்விடுவார்கள். புருஷன் ஓடிப்போனாலும், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டாலும், தலைநகர்ப் பக்கம் கேசோன் சிட்டியில் அந்த நிலையத்தின் இரும்பு கேட்டுக்கு முன்னால் குடையும் சோற்றுப் பொட்டலமுமாகப் போய் உட்கார்ந்துவிட வேண்டியது. காலையில் 'அண்ணனிடம் சொல்' நிகழ்ச்சியில் அண்ணன் ரெக்ஸ் மொந்தேக்ளாரோ உங்களுக்காக யாருக்காவது போன் போட்டுக் கத்துவார். கத்தினால் சில சமயம் காரியம் நடக்கும். நடக்காவிட்டாலும் நமக்காக ஒருவர் கத்தினாரே என்று வீடு திரும்பலாம்.

கடலோர மலபோனில் என் சாப்பாட்டுக் கடையிலும் காலையில் அந்த நிகழ்ச்சிதான் ஓடும். ஒருநாள் சமையல் நிகழ்ச்சி வைத்துப் பார்த்தேன். சாப்பிட வந்தவர்கள் பொரித்த மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

எலுத்தேரியோ என் கடையில்தான் மதியம் சாப்பிடுவான். நாங்கள் தேரியோ என்போம். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். மழையே இல்லாமல் கடல்நீர் தெருவுக்குள் ஏறிவரும் ஊர் எங்களுடையது. அந்த நாட்களில் முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் செருப்பு நனையாமல் கொண்டுபோய் விடுவான். மனைவி செத்துப்போன பிறகு மகள் ஜோவெலினைத் தனியாளாக வளர்த்தான். அவள் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும், இங்கே மதிய நேரத்தில், வீடியோவில் கூப்பிடுவாள். போனை வினிகர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு தேரியோ காத்திருப்பான். அவள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"அப்பா, சாப்பிட்டியா?"

தட்டைத் தூக்கிக் காட்டுவான். "மீனு எங்க?" என்பாள். சோற்றுக்குள் ஒளித்து வைத்த மீனை எடுத்துக் காட்டுவான். கடையே சிரிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "வீட்டுக்காரம்மா போனை வாங்கி வெச்சுக்கறாங்கப்பா. வெளிக்கதவையும் பூட்டிடறாங்க. நீ ஒண்ணும் கவலப்படாத." அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் வந்தன, அவள் போன் வரவில்லை. அவளை அனுப்பிவைத்த ஏஜென்சி இருந்த இடத்துக்குப் போனால், அங்கே ஒருவர் கோழி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். வெளிநாட்டு வேலைத் துறைக்குப் போனால், மகள் நேரில் வந்து புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"அண்ணன்கிட்ட போ," என்றது தெரு முழுவதும். அவன் கூச்சக்காரன். ஆகவே கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டு நானும் போனேன். டிபன் கேரியரில் முட்டை போட்ட இஞ்சிக் கஞ்சி எடுத்துக்கொண்டேன். செப்டம்பர் பிறந்தாலே எங்கள் நாட்டில் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும், அதனால் கேட்டில் நட்சத்திர விளக்கெல்லாம் கட்டிக் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

வரிசையை ஆராய்ந்து அனுப்பும் பெண்ணின் பெயர் டிரிக்ஸி. நகமெல்லாம் வானவில். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்ன கேஸு அங்கிள்?"

"மக போன் பண்ணலம்மா."

"எதிராளி யாரு?"

தேரியோ என்னைப் பார்த்தான். "எதிராளின்னு யாரும் இல்லம்மா. எனக்கு மக வந்தாப் போதும்."

"அது சரி அங்கிள். எதிராளி இல்லாட்டி அண்ணன் யாரைத் திட்டுவாரு? சொந்தத்துல யாராச்சும்? கொழுந்தியா? உங்களுக்கு ரெண்டாவது சம்சாரம் கிடையாதா?"

"இல்லம்மா," என்றான், ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல. சிரித்தான்.

இந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டாலும் சிரிப்பார்கள், பயந்தாலும் சிரிப்பார்கள். வழுக்கி விழுந்தவன் எழுந்திருக்கும் முன்பே சிரித்துவிடுவான். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் கட்டில் மேல் ஏறி நின்று சிரிப்போம். அழுகையை அடுத்தவர் தலையில் இறக்கி வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தேரியோ தன் மனைவியின் சவப்பெட்டி பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தவன். அன்றைக்கு யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை.

டிரிக்ஸி யோசித்துவிட்டு, "ஏஜென்சியத்தான் எதிராளியா வெச்சுக்கணும்," என்றாள். "உங்க போனக் குடுங்க. இனிமே நீங்க எங்க கேஸு. இல்லாட்டி அக்கா டிவைனா ஆளுங்க கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

டிவைனா சார்தே பழைய சினிமா நடிகை. எதிர்ச் சேனலில், அதே நேரத்தில், 'அக்கா விடமாட்டாள்' என்ற நிகழ்ச்சி நடத்துகிறார்.

"மக கூப்பிட்டான்னா?" என்று தேரியோ போனை விடாமல் கேட்டான்.

"நாங்க எடுப்போம்ல. நாங்க எடுத்தா நாடே எடுத்த மாதிரி."

போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அவன் பெயரை எழுதி ஒட்டினாள். நான் கஞ்சியைத் திறந்தேன். மேக்கப் போடும் பெண் ஓடிவந்து மூடினாள். "ஊட்டாதீங்க ஆன்ட்டி. பசி இவரு முகத்துல அருமையா வந்திருக்கு. அதக் கெடுத்துடாதீங்க."

அரங்கத்தில் வாதிக்கு ஒரு நாற்காலி, எதிராளிக்கு ஒரு நாற்காலி. வாதிக்குப் பக்கத்தில் டிஷ்யூ பெட்டி. எந்தக் கையால் எடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லித் தருவார்கள். ஏஜென்சிக்காரர் வரவில்லை. கோழிக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அடுப்பில் கோழி இருக்கிறதென்று அவரும் மறுத்துவிட்டார். அண்ணன் ரெக்ஸ் அசரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து விரலை நீட்டினார்.

"ஏன் பேச மாட்டேங்கற? ஏழையோட பொண்ணுன்னா உனக்கு அவ்வளவு எளக்காரமா? பதில் சொல்லு!"

நாற்காலி பதில் சொல்லவில்லை.

"பாத்தீங்களா மக்களே, வாயே திறக்கல," என்றார் அண்ணன். அரங்கம் அதிர்ந்தது. ஒரு கிழவி எழுந்து நாற்காலியைச் செருப்பால் அடித்தாள். நானும் ஊளையிட்டேன். எல்லோரும் கூச்சல் போடும்போது நமக்கும் வாய் சும்மா இருப்பதில்லை.

அன்று அந்த நிகழ்ச்சியை நாடே பார்த்தது. நாற்காலியைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அண்ணன் மறுநாளும் அதைத் திட்டினார். அதன் மரம் எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்று ஒரு நிருபர் விசாரித்தார். நாற்காலிக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று இரண்டு வக்கீல்கள் கைகலப்பு வரை போனார்கள். எதிர்ச் சேனலில் அக்கா டிவைனா அதைவிடப் பெரிய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "உண்மையான நாற்காலி இதுதான். அவரு வெச்சிருக்கறது வாடகைக்கு எடுத்தது," என்று கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீருக்குப் பதில் சொல்ல அண்ணனுக்கு ஒரு முழு நிகழ்ச்சி தேவைப்பட்டது. ஜோவெலின் என்ற பெயர் அன்று ஒருமுறைகூட வரவில்லை. தேரியோ தன் நாற்காலியில், டிஷ்யூ பெட்டிக்குப் பக்கத்தில், கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

வெளிநாட்டு வேலைத் துறையின் துணைச் செயலாளர் போனில் வந்தது அதற்கும் மறுநாள். அண்ணன் கத்த வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, வணக்கம். உங்க தீவிர ரசிகன். எங்க ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு வேலைய நிறுத்திட்டு உங்களத்தான் பாக்கறோம். கவுன்ட்டரையும் மூடிடுவோம்."

"இந்தப் பொண்ணு விஷயமா என்ன பண்ணீங்க?"

"ரொம்ப உன்னிப்பா கவனிச்சிட்டு வர்றோம் அண்ணே."

"எங்கேர்ந்து கவனிக்கறீங்க?"

"உங்க நிகழ்ச்சியிலேர்ந்துதான். அவரு நேரா எங்ககிட்ட வந்தாருன்னு சொல்றாங்க. அது தப்பு. நேரா வந்தா நாங்க எப்படிக் கண்டுக்கறது? டிவில வந்தாத்தான் உண்மையான புகார்னு எங்களுக்குத் தெரியும். அதனாலதான் ஜனங்ககிட்ட நானே சொல்றேன், ஆபீஸுக்கு வந்து எங்க நேரத்தையும் உங்க நேரத்தையும் வீணாக்காதீங்க, அண்ணன்கிட்ட போங்கன்னு."

கைதட்டச் சொல்லும் ஆள் கையைத் தூக்கினார். தட்டினோம். துணைச் செயலாளர் நன்றி சொன்னார். அப்போதுதான் கேமரா தேரியோ பக்கம் திரும்பியது. இத்தனை பெரிய மனிதர் தன் பெயரால் போனில் வந்துவிட்டாரே என்ற கூச்சத்தில் அவன் சிரித்தான்.

நான் முன் வரிசையில் இருந்தேன். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குத் தெரியும். கட்டில் மேல் ஏறி நிற்கிறவனின் சிரிப்பு.

சாயங்காலத்துக்குள் அது எல்லாப் போன்களிலும் இருந்தது. 'மகள் எங்கே? அப்பா சிரிக்கிறார்.' அக்கா டிவைனா அந்தச் சிரிப்பை மெதுவாக ஓட்டிக் காட்டி, மனநல நிபுணர் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டார். உதட்டின் இடது ஓரம் வலது ஓரத்தைவிடச் சற்று மேலே போவதால் இவர் எதையோ மறைக்கிறார் என்றார் நிபுணர். பெண்ணை விற்றுவிட்டான் என்று ஒருவன் எழுதினான். அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஆமாம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே, தேரியோவின் ரிக்‌ஷாவில் பிள்ளைகளை அனுப்பிவந்தவர்கள், மறுநாள் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள்.

அன்று காலை நிலையத்தில் டிரிக்ஸி எங்களை ஓடிவந்து வரவேற்றாள். "அங்கிள், நல்ல செய்தி. எதிராளி கெடச்சாச்சு."

"யாரும்மா?" என்று ஆவலாகக் கேட்டான்.

அவனை எதிராளி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே செருப்படி வாங்கிய நாற்காலி. வாதி நாற்காலி காலி. அதில் நாட்டு மக்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றார் அண்ணன். அவர் குரல் அன்று மெதுவாக இருந்தது. மெதுவாகப் பேசினால்தான் பயம் என்று அவருக்குத் தெரியும்.

"தெரியலண்ணே."

"மக காணாமப் போயிருக்கா. அப்பன் பல்லக் காட்டறான். எனக்கும் பொண்ணு இருக்கு. எனக்குச் சிரிப்பு வராது."

"எனக்கும் வரலண்ணே," என்றான் தேரியோ. சொல்லிவிட்டு, ஐயோ, சிரித்தான்.

அரங்கம் கொதித்தது. நான் எழுந்து, "அவன் அப்படித்தாங்க, எங்க எல்லாருமே அப்படித்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். எனக்கு மைக் இல்லை. கைதட்டச் சொல்லும் ஆள் என்னைப் பிடித்து வெளியே வராந்தாவில் விட்டுவிட்டார்.

டிரிக்ஸி அந்த வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த பிளாஸ்டிக் பை. உள்ளேயிருந்து தேரியோவின் போனை எடுத்துக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போவதற்குள் முடித்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஆன்ட்டி, அவங்க கூப்பிட்டாங்க. ஜோவெலின்."

"குடு, குடு. அவன் உள்ளதான் இருக்கான். கதவத் திற."

"வெச்சுட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நேரலையில கூப்பிடச் சொல்லியிருக்கேன். இன்னைக்குச் சும்மா பேசினா யாருக்குத் தெரியும்? முன்னாடியே விளம்பரம் குடுத்துட்டா நாடே பாக்கும் ஆன்ட்டி. அப்பதான் துறையும் அசையும். அவங்க நல்லதுக்குத்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. அதை அவள் நிஜமாகவே நம்பினாள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

"என்ன சொன்னா அவ?"

"அழுதாங்க. யாரோ கதவ மறந்து திறந்து வெச்சிட்டாங்களாம். பக்கத்துக் கடைக்காரர் போன்லேர்ந்து கூப்பிட்டாங்களாம். நாளைக்கு முடியாது, இப்பவே அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுன்னாங்க. அப்பா நேரலையில இருக்காரு, நடுவுல குடுக்க முடியாது சிஸ்டர்னு சொன்னேன்."

"வேற?"

"அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டாங்க. சாப்பிட்டாருன்னு சொல்லிட்டேன்."

டிபன் கேரியர் என் கையில் கனத்தது. காலையில் கட்டிக்கொண்டு வந்த கஞ்சி, மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

தேரியோவிடம் நானேதான் சொன்னேன். அரங்கத்திலிருந்து வெளியே வந்தவனின் சட்டையில் யாரோ வீசிய காபி. சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டான். "உயிரோட இருக்கா," என்றான் முதலில். பிறகு, "சாப்பிட்டேன்னு சொன்னீங்களா?" என்று டிரிக்ஸியிடம் கேட்டான். அவள் தலையாட்டினாள். "நல்லதும்மா," என்று அவளுக்கு நன்றி சொன்னான்.

மறுநாள் எல்லாம் தடபுடல். 'மகள் பேசுகிறாள்' என்று திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. போன் ஒரு வெல்வெட் மெத்தை மேல். அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தேரியோ வாதி நாற்காலிக்குத் திரும்பியிருந்தான், ஏனென்றால் மகள் பேசப்போகும் அப்பா எதிராளியாக இருந்தால் மக்களுக்குக் குழப்பம். பத்து மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. விளம்பரம் போட்டார்கள். சோப்பு, இருமல் மருந்து, மறுபடி சோப்பு. போன் அடிக்கவில்லை. அண்ணன் பிரார்த்தனை செய்யச் சொன்னார், கண்களை மூடினோம். திறந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மகளே ஜோவெலின்," என்றார் கேமராவைப் பார்த்து, "உனக்காக நாடே காத்திருக்கு. ஒரு போன் பண்ண முடியலயா உனக்கு? நன்றின்னு ஒண்ணு இல்லயா? நாங்க ஒன்னக் கைவிடல. நீதான் எங்களக் கைவிட்டுட்ட."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த கேஸாக, ஒரு சண்டைச் சேவலுக்கு உரிமை கொண்டாடிய இரண்டு சகோதரர்கள் உள்ளே வந்தார்கள். தேரியோவுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஒரு மின்விசிறியும் கொடுத்து, போனைத் திருப்பித் தந்து அனுப்பினார்கள்.

அக்டோபரில் அண்ணன் ரெக்ஸ் செனட் தேர்தலுக்கு வேட்புமனு கொடுத்தார். அக்கா டிவைனாவும் கொடுத்தார். "இனிமே சபையிலயே கத்துவேன்," என்று அண்ணன் அன்று வாக்குக் கொடுத்தார். அவர் ஜெயித்துவிட்டார். சபையில் கத்திக்கொண்டிருக்கிறார். அக்காவும் ஜெயித்து எதிர்வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

நாங்கள் மறுபடி வெளிநாட்டு வேலைத் துறைக்குப் போனோம். பத்து மணிக்கு முன்பே போய்விட்டோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னாள். "இது முடிஞ்சுபோன கேஸுங்க. ஒளிபரப்பாயிடுச்சில்ல? ஒளிபரப்பானா தீர்ந்ததுன்னுதான் எங்க கணக்கு."

"மக வரலயேம்மா," என்றான் தேரியோ.

"அது வேற விஷயங்க. அதுக்குப் புதுசாத்தான் குடுக்கணும். ஆனா ஒரு கேஸ் தீர்ந்தவங்க பேர்ல மறுபடி புதுசு எடுக்க முடியாது." பிறகு அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்க அந்தச் சிரிக்கற அப்பாதான? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டாள். அவன் சிரித்தான்.

இப்போதும் மதியம் என் கடைக்கு வருகிறான். பிள்ளைகள் அவன் ரிக்‌ஷாவுக்குத் திரும்பிவிட்டார்கள், எங்கள் ஊர் எதையும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை. முன்பு வெள்ளிக்கிழமை மட்டும் செய்ததை இப்போது தினமும் செய்கிறான். வினிகர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்காருகிறான். சோறு அவனுக்கு இறங்குவதில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கிறான். டிவியை நான் எப்போதோ எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அதனால் போன வாடிக்கையாளர்கள் போகட்டும்.

நேற்று சில காலேஜ் பையன்கள் சாப்பிட வந்தார்கள். அவனை அடையாளம் கண்டுகொண்டு, "அங்கிள், அந்தச் சிரிப்பு ஒரு தடவ," என்று போனை நீட்டினார்கள். நான் கரண்டியோடு வெளியே வருவதற்குள் அவன் சிரித்து முடித்திருந்தான். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"ஏன் தம்பி அவனுங்களுக்கெல்லாம் சிரிக்கற?" என்று சத்தம் போட்டேன். "சாப்பிடவும் முடியல. எதுக்கு இந்தச் சோத்தோட மல்லுக்கட்டற? வேணாம்னா வெச்சிடு."

தலையை ஆட்டினான். மீனில் ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றுக்குள் ஒளித்து வைத்தான்.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டாங்கக்கா அவகிட்ட," என்றான். "இனிமே எப்பக் கேட்டாலும், சாப்பிட்டேன்னு சொன்னா அது நெசமா இருக்கணும்."

பிறகு தண்ணீரை எடுத்துக்கொண்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தான்.